வாளும் செங்கோலும்: ஐதர் அலியும் தணிகை நாடும்

மிகப் பழைய பொருளொன்றைக் காண நேர்ந்தால், "இது ஐதர் காலத்துப் பழசு" என்று கூறுவது தமிழ்நாட்டு மக்களின் வழக்கு. முதியோர் நாவில் "ஐதர் கலாபம்" என்னும் வேறொரு தொடரும் வழங்கியதுண்டு. முன்னது நகைச்சுவையாகச் சொல்லப்படுவது. பின்னது அச்சத்தில் பிறந்தது. இருநூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஒருவர், ஏட்டில் இடம்பெற்றதோடு நில்லாமல் மக்கள் பேச்சிலும் இவ்வாறு தங்கிவிட்டார் எனின், அவர் வாழ்வு ஆராயத்தக்கதே. எழுத்தறியாத ஓர் எளிய படைவீரர் படைத்தலைவராகி, நாடாளும் அரசியல் அறிஞராக உயர்ந்த அவ்வரலாற்றை, நம் திருத்தணிப் பகுதியோடு இயைத்து ஈண்டு நோக்குவோம்.

திருத்தணி என்றவுடன் குன்றின்மேல் அமைந்த முருகன் கோயிலும், ஆண்டின் நாட்களைக் குறிப்பதாகக் கூறப்பெறும் 365 படிகளும் நம் நினைவுக்கு வரும். தத்துவப் பேரறிஞர் இராதாகிருஷ்ணன் 1888இல் பிறந்த ஊர் என்பதும், எல்லைப் போராட்டத்தின் பயனாய் 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தமிழகத்தோடு இணைந்த ஊர் என்பதும் நினைவுக்கு வரும். முருகப்பெருமான் போர் முடித்துச் சினம் தணிந்து அமர்ந்த இடமாதலின் 'செருத்தணி' எனப் பெயர் பெற்று, அது 'திருத்தணி' ஆயிற்று என்பது தலபுராண மரபு. போர் தணிந்த ஊர் எனப் பெயர் பூண்ட இத்தலத்தைச் சூழ்ந்த நிலமே, 1780 முதல் 1782 வரை தென்னிந்தியாவின் எதிர்காலத்தைத் தீர்மானித்த போர்களின் களமாயிருந்தது என்பதைப் பலர் அறியார். பேரம்பாக்கம், புள்ளலூர், திருப்பாச்சூர், சோளிங்கர், சித்தூர் ஆகிய ஊர்கள் அனைத்தும் நமக்கு அண்மையில் உள்ளவை. இவை யாவும் ஐதர் அலியின் வரலாற்றில் இடம்பெறும் ஊர்கள் என்பதே இக்கட்டுரைக்குக் காரணம்.

ஓர் அரசனுக்கு வேண்டிய உறுப்புகள் எவையென வள்ளுவப் பெருந்தகை பொருட்பாலில் வகுத்துரைத்துள்ளார். அமைச்சு, குடி, பொருள், அரண், நட்பு, படை என அவற்றை நாம் எண்ணலாம். இவற்றுள் படை ஒன்றை மட்டுமே கையில் கொண்டு வாழ்வைத் தொடங்கியவர் ஐதர். ஏனைய ஐந்தனுள் எவற்றை அவர் ஈட்டினார், எவற்றைக் காத்தார், எதில் தவறினார் என்று காண்பதே அவரை அளக்கும் நேரிய வழி எனலாம்.

படையில் பிறந்த வாழ்வு

கோலார்ப் பகுதியிலுள்ள பூதிக்கோட்டையில் ஏறத்தாழ 1720ஆம் ஆண்டளவில் ஐதர் பிறந்தார். தந்தை பதே முகம்மது சிரா நாட்டுப் படையில் பணியாற்றிப் போரில் உயிர்நீத்தவர். தந்தையை இழந்த சிறுவர் வறுமையில் வளர்ந்தார். எழுதப் படிக்கக் கற்கவில்லை. மைசூர்ப் படையில் சேர்ந்த அவர், 1749இல் நிகழ்ந்த தேவனஹள்ளி முற்றுகையில் காட்டிய ஆற்றலால் அமைச்சர் நஞ்சராசரின் கண்ணில் பட்டார்.

1752 முதல் 1755 வரை திருச்சிராப்பள்ளியைச் சுற்றி நிகழ்ந்த போர்களில் மைசூர்ப் படையோடு ஐதரும் இருந்தார். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அணிவகுத்து நின்று சுடும் முறையையும், சிறுபடை கொண்டு பெரும்படையை நிலைகுலையச் செய்யும் ஒழுங்கையும் அங்கே அவர் கூர்ந்து நோக்கினார். ஏட்டுக் கல்வி பெறாத அவருக்கு அக்களமே பள்ளிக்கூடம் ஆயிற்று.

1755இல் திண்டுக்கல்லின் படைத்தலைவராக அமர்த்தப்பெற்றபோது, கற்றதைச் செயலாக்கும் வாய்ப்புக் கிட்டியது. பிரெஞ்சுக் கைவினைஞரின் துணையோடு படைக்கலச் சாலை ஒன்றை நிறுவினார். பீரங்கிப் படையை உருவாக்கினார். தமிழகத்து மலைக்கோட்டை ஒன்றே அவருடைய பிற்கால வலிமைக்கெல்லாம் நாற்றங்காலாய் அமைந்தது என்பது நாம் கருதத்தக்கது.

இடையில் மைசூர் அரசு ஊதியம் தர இயலாது தத்தளித்தது. 1758இல் படைவீரர் கிளர்ந்தெழுந்தபோது, அவர்தம் நிலுவையைத் தீர்த்துவைத்து அமைதி ஏற்படுத்தியவர் ஐதரே. ஊதியம் தருபவரையே படை நம்பும் என்னும் எளிய உண்மையை அன்று மைசூர் முழுவதும் கண்டது. நஞ்சராசர் விலகினார். ஐதரின் கணக்கராயிருந்து உயர்ந்த காண்டேராவ், அரண்மனையாரோடு சேர்ந்து 1760இல் அவரை வீழ்த்த முயன்றார். இரவோடிரவாகக் காவிரியைக் கடந்து தப்பிய ஐதர், பெங்களூரிலிருந்து மீண்டு வந்து, 1761இல் அரசின் முழு அதிகாரத்தையும் கைக்கொண்டார். பிடிபட்ட காண்டேராவைக் கூண்டில் அடைத்துக் கிளிபோல் பாலும் சோறும் ஊட்டி வைத்திருந்தார் என்பர். இரக்கமற்ற இப்பக்கமும் அவருக்கு உண்டு என்பதை நாம் மறைத்தல் தகாது.

ஆட்சியாளர் ஐதர்

அதிகாரம் கைக்கு வந்தபின் ஐதர் என்ன செய்தார் என்பதே படைத்தலைவரையும் அரசியல் அறிஞரையும் வேறுபடுத்தும் கோடு. உடையார் குலத்து அரசரை அவர் அரியணையிலிருந்து அகற்றவில்லை. தாம் 'சர்வாதிகாரி' என்னும் நிலையில் இருந்துகொண்டு ஆட்சியை நடத்தினார். மக்கள் மனத்தில் வேரூன்றிய மரபைப் பறிப்பதினும், அதன் நிழலில் நின்று ஆள்வதே நிலையானது என அவர் உணர்ந்திருந்தார்.

1763இல் பெத்நூரைக் கைப்பற்றியபோது பெரும் பொருள் அவருக்குக் கிட்டியது. அவ்வூரை ஐதர்நகர் எனப் பெயரிட்டு, தம் பெயரால் பொற்காசு வெளியிட்டார். அக்காசின் ஒரு பக்கத்தில் ஐதரின் பெயர் முதலெழுத்துப் பாரசீகத்தில் பொறிக்கப்பட்டது. மறுபக்கத்தில் இக்கேரி நாயக்கர் காசில் வழங்கிவந்த சிவபெருமானும் பார்வதியும் அமர்ந்த உருவம் அப்படியே தொடர்ந்தது. ஒரு முசுலிம் ஆட்சியாளர் வெளியிட்ட காசில் அம்மையப்பர் உருவம் இருந்தது எனின், அது சமயக் குழப்பம் அன்று. குடிகளின் நம்பிக்கைக்கு உரிய நாணயமே சந்தையில் செல்லும் என்னும் ஆட்சியறிவு. சிருங்கேரி மடத்தோடு அவர் மதிப்பான உறவு பேணினார். பூர்ணையா போன்ற அந்தண அறிஞர் அவர் அமைச்சில் உயர்நிலை பெற்றனர். எழுதப் படிக்க அறியாராயினும், ஓலைகளைப் படிக்கக் கேட்டு, பல பணிகளுக்கு ஒரே வேளையில் ஆணை பிறப்பிக்கும் நினைவாற்றல் அவருக்கு இருந்ததெனச் சமகாலத்தார் வியந்தனர்.

மறுபுறம், 1766இல் மலபாரில் புகுந்தபோது எழுந்த கிளர்ச்சியை அவர் அடக்கிய முறை கடுமையானது. நாயர் குடும்பங்கள் பல ஊர்விட்டு ஊர் பெயர்க்கப்பட்டன. அரண், பொருள், அமைச்சு ஆகியவற்றில் சிறந்த ஐதரின் ஆட்சியில், குடி என்னும் உறுப்பு எல்லா இடத்தும் ஒருபடித்தாய்ப் பேணப்படவில்லை.

பரங்கிமலை வரை

1767இல் தொடங்கிய முதலாம் மைசூர்ப் போரில், செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் ஐதர் பின்னடைவே கண்டார். உடன்வந்த ஐதராபாத்து நிசாமும் 1768இல் ஆங்கிலேயரோடு உடன்பாடு செய்து விலகினார். ஆயினும் தனியராய் நின்று போரைத் தொடர்ந்த ஐதர், 1769 மார்ச்சில் தேர்ந்தெடுத்த 6,000 குதிரை வீரரோடு மூன்றரை நாளில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் கடந்து, சென்னையை அடுத்த பரங்கிமலைப் பக்கம் வந்து நின்றார். ஆங்கிலப் படை எங்கோ பின்தங்கியிருக்க, கோட்டையிலிருந்த ஆளுநர் குழு உடன்பாட்டுக்கு இறங்கியது.

சென்னையை அவர் சூறையாடியிருக்கலாம். அவ்வாறு செய்யாது, கைப்பற்றிய இடங்களை இருவரும் திருப்பித் தருவது, ஒருவர் தாக்கப்படின் மற்றவர் உதவுவது என்னும் உடன்படிக்கையை ஏப்ரலில் எழுதிப் பெற்றார். கொள்ளையினும் உறுதிமொழி பெரிது எனக் கருதியமை அரசியல் அறிஞர் செயல். ஆனால் அவ்வுறுதிமொழி காக்கப்படவில்லை. 1770 முதல் பேஷ்வா மாதவராவின் மராட்டியப் படை மைசூரைத் தாக்கி, 1771இல் சின்குரளியில் ஐதரைத் தோற்கடித்தபோது, ஆங்கிலேயர் வாளாவிருந்தனர். ஐதரின் மனத்தில் ஆறாத வடு அன்றுதான் ஏற்பட்டது.

அக்காலத்தே சிவகங்கைச் சீமையை இழந்த அரசி வேலுநாச்சியார் திண்டுக்கல்லை அடுத்த விருப்பாட்சியில் தங்கியிருந்தார். அவர்தம் அமைச்சர் தாண்டவராயப் பிள்ளை 1772இல் படையுதவி வேண்டி ஐதருக்கு மடல் வரைந்தார். ஐதரின் துணையோடு 1780இல் நாச்சியார் சிவகங்கையை மீட்டார். வேலுநாச்சியாரின் நாட்டைப் பறித்தவர்கள் ஆர்க்காட்டு நவாபு முகம்மதலியும் அவருக்குத் துணைநின்ற கம்பெனியாரும் ஆவர். முசுலிம் நவாபு ஒருவரிடம் நாட்டை இழந்த இந்து அரசிக்கு, முசுலிம் ஆட்சியாளர் ஒருவர் கைகொடுத்தார். இப்போர்களைச் சமயப் போர்களாகக் காட்ட முயல்வோர் இவ்வொரு நிகழ்ச்சியை எண்ணிப் பார்ப்பின் போதும்.

தணிகையைச் சூழ்ந்த போர்கள்

1779இல் ஆங்கிலேயர் மாகியைக் கைப்பற்றினர். ஐதருக்குப் பிரெஞ்சுப் படைக்கலங்கள் வந்துசேரும் துறைமுகம் அது. அவ்வாண்டே தஞ்சைப் பகுதியில் வாழ்ந்த செருமானியப் பாதிரியார் சுவார்ட்சு, சென்னை ஆளுநரின் தூதராகச் சீரங்கப்பட்டினம் சென்றார். ஐதர் அவரை மதிப்போடு வரவேற்றாராயினும், கம்பெனியின் சொல்லில் நம்பிக்கை கொள்ளவில்லை. மராட்டியரையும் நிசாமையும் ஒருசேர அணைத்து ஆங்கிலேயரை எதிர்க்கும் கூட்டணி 1780இல் உருவாயிற்று. தம்மை முன்னர்த் தோற்கடித்த மராட்டியரோடு கைகோத்தது ஐதரின் அரசியல் முதிர்ச்சிக்குச் சான்று.

1780 சூலையில் பெரும்படையோடு செங்கம் கணவாய் வழியே ஐதர் கருநாடகச் சமவெளியில் இறங்கினார். குண்டூரிலிருந்து தெற்கே வந்த கர்னல் பெய்லியின் படை, காஞ்சிபுரத்தில் இருந்த தளபதி மன்றோவின் படையோடு சேர விரைந்தது. குசத்தலை ஆற்றின் வெள்ளம் பெய்லியைச் சில நாட்கள் தடுத்து நிறுத்தியது. செப்டம்பர் 6ஆம் நாள் பேரம்பாக்கத்தில் திப்பு அவரைத் தாக்கினார். செப்டம்பர் 10ஆம் நாள் புள்ளலூரில் ஐதரும் திப்புவும் சூழ்ந்துகொண்டனர். இரும்புக் குழாயில் வெடிமருந்து அடைத்து எய்யப்படும் மைசூர் ராக்கெட்டுகள் அக்களத்தில் பாய்ந்தன. ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. ஏறத்தாழ 3,800 பேர் கொண்ட படை அழிந்தது, பெய்லி சிறைப்பட்டார். மன்றோ பெரும் பீரங்கிகளைக் காஞ்சிக் குளத்தில் எறிந்துவிட்டுச் சென்னைக்குத் திரும்பினார். பல்லவன் மகேந்திரவர்மன் பகைவரை வென்ற இடமெனக் காசாக்குடிச் செப்பேடு கூறும் அதே புள்ளலூர், ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து மீண்டும் ஒரு பெரும்போரைக் கண்டது. சீரங்கப்பட்டினத்தில் திப்பு கட்டிய தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இப்போர் ஓவியமாய்த் தீட்டப்பட்டிருப்பதை இன்றும் காணலாம்.

வென்ற கையோடு மன்றோவைத் தொடர்ந்து சென்று சென்னையைத் தாக்காமல் ஐதர் ஆர்க்காட்டு முற்றுகைக்குத் திரும்பினார். நவம்பரில் ஆர்க்காடு வீழ்ந்தது. ஆனால் அதற்குள் வங்காளத்திலிருந்து சர் அயர் கூட் கடல்வழியே சென்னை வந்துசேர்ந்தார். 1781 சூலை முதல் நாள் பரங்கிப்பேட்டையில் ஐதர் தோல்வி கண்டார். ஆகஸ்டில் திருப்பாச்சூர்க் கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று. ஆகஸ்டு 27ஆம் நாள் புள்ளலூரில் இரண்டாம் முறை போர் நிகழ்ந்து, முடிவின்றிக் கழிந்தது. செப்டம்பர் 27ஆம் நாள், திருத்தணிக்கு மேற்கே முப்பது கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவிலுள்ள சோளிங்கரில் ஐதர் மீண்டும் பின்வாங்க நேர்ந்தது. வென்ற கூட்டின் படைக்கும் உண்ணத் தானியம் இல்லை. அது உணவு தேடிச் சித்தூர்ப் பக்கத்துப் பாளையங்களுக்குள் புகுந்தது. அந்நாளில் திருத்தணி அப்பாளையங்களுள் ஒன்றான கார்வேட்டிநகரச் சீமையைச் சேர்ந்தது.

களத்தில் தோற்றும் ஐதர் வீழவில்லை. 1782 பிப்ரவரியில் திப்பு தஞ்சைப் பகுதியில் பிரெய்த்வெய்ட்டின் படையைச் சிறைபிடித்தார். எனினும் கூட்டணி கலைந்துகொண்டிருந்தது. நிசாம் முன்னரே ஒதுங்கினார். 1782 மே மாதம் சால்பாய் உடன்படிக்கையால் மராட்டியரும் விலகினர். தரையில் எத்தனை படையை அழித்தாலும், கடலை வற்றச் செய்ய இயலாதே என்று ஐதர் பூர்ணையாவிடம் மனம் நொந்ததாக மைசூர் வரலாறு எழுதிய வில்க்சு குறிப்பிடுகிறார். கப்பல் வலிமையே ஆங்கிலேயரின் உண்மையான அரண் என்பதை அன்றைய இந்திய ஆட்சியாளருள் தெளிவாகக் கண்டுகொண்டவர் அவர். வள்ளுவர் கூறும் வலியறிதல் இதுவே. ஆனால் அவ்வறிவு காலம் கடந்து வாய்த்தது.

1782 டிசம்பர் 7ஆம் நாள், சித்தூரை அடுத்த நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில், முதுகில் தோன்றிய ராஜப்பிளவை நோயால் ஐதர் மறைந்தார். திப்பு அப்போது மலபார்க் கரையில் இருந்தார். பூர்ணையா முதலிய அமைச்சர்கள் திப்பு வந்துசேரும் வரை இறப்புச் செய்தியை வெளியிடாமல் காத்தனர். தலைவர் இறந்தவுடன் படை சிதறுவது அந்நாளைய வழக்கம். ஐதரின் படை சிதறவில்லை, ஊதியம் தடையின்றிச் சென்றது, ஆட்சி கைமாறியது. ஒருவர் அமைத்த அரசு அவரின்றியும் நடக்குமாயின், அவர் வெறும் படைத்தலைவர் அல்லர் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

அவர் புகழ் கடல் கடந்தும் சென்றது. ஆங்கிலேயரை எதிர்த்து விடுதலைப் போர் புரிந்த அமெரிக்கரின் பென்சில்வேனியா மாநிலத்தார், தம் போர்க்கப்பல் ஒன்றுக்கு ஐதர் அலி எனப் பெயரிட்டனர். 1782 ஏப்ரலில் டெலாவேர் விரிகுடாவில் அக்கப்பல் ஆங்கிலேயரின் கப்பலொன்றைச் சிறைபிடித்தது.

கலாபத்தின் கணக்கு

இத்துணைச் சிறப்பையும் கூறிய நாம், 'ஐதர் கலாபம்' என்னும் தொடருக்கும் விடை கூறியாதல் வேண்டும். 1780இல் ஆங்கிலேயருக்கு உணவும் மாடும் கிடைக்காவண்ணம், சென்னையைச் சுற்றிய ஊர்களை ஐதரின் குதிரைப்படை எரித்தது. பயிர் அழிந்தது; மக்கள் ஊர்விட்டு ஓடினர். போரும் பஞ்சமும் கைகோத்து வந்தன. சென்னைக்கு ஓடிவந்த ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்ற 1782இல் எழுந்ததே மணியக்காரர் சத்திரம். ஸ்டான்லி மருத்துவமனையின் தொடக்கத்தை அங்கிருந்தே கூறுவர். 'கஞ்சித்தொட்டி ஆசுபத்திரி' என்னும் பழம்பெயர் அப்பஞ்சத்தின் எச்சம்.

எரிந்த குடிசைகளில் வாழ்ந்தோர் கம்பெனியின் குடிகளும் அல்லர். ஐதரின் பகைவரும் அல்லர். அவர்களுள் இந்துக்கள் இருந்தனர், முசுலிம்கள் இருந்தனர். ஐதரின் படையிலும் கம்பெனிப் படையிலும் நம் நாட்டு மக்களே பெருந்தொகையினராய் நின்று ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டனர். எதிரியின் வலிமையைச் சிதைப்பது போர்நெறி என்பர். ஆயினும் குடியை அழித்துப் பெறும் வெற்றி அரசின் வேரையே அறுக்கும். சோளிங்கரில் இரு படைகளுமே சோற்றுக்கு அலைந்தன என்பதே இதனை மெய்ப்பிக்கும். ஆறு உறுப்புகளுள் ஐந்தில் உயர்ந்து நின்ற ஐதர், கருநாடகச் சமவெளியில் ஆறாவதில் தவறினார் என்பதே நம் துணிபு.

இதனை எழுதுவதால் அவர் பெருமை குறையாது. நம் சமுதாயத்தார் சிலர் ஐதரை முசுலிம் என்பதால் புகழவும், வேறு சிலர் அதே காரணத்தால் பழிக்கவும் காண்கிறோம். இருசாராரும் அவரை அறியாதவரே. அவர் பகைவருள் ஆர்க்காட்டு நவாபும் நிசாமும் இருந்தனர். அவர் நம்பிய அமைச்சர் பூர்ணையா. அவர் உதவி பெற்ற அரசி வேலுநாச்சியார். சமயத்தை அளவுகோலாகக் கொண்டு நோக்கின் இவ்வாழ்வில் ஒரு பக்கமும் விளங்காது. நீதியை உரைக்கும்போது உறவினருக்கு எதிராயினும் வழுவாது நிற்க வேண்டும் என்பது நாம் கற்ற நெறி. வரலாறு எழுதுவோர்க்கும் அதுவே நெறி.

மாணவச் செல்வங்களுக்கு நாம் கூற விழைவது ஒன்றுண்டு. சோளிங்கரும் புள்ளலூரும் பேரம்பாக்கமும் பேருந்தில் ஒரே நாளில் சென்று திரும்பத்தக்க தொலைவில் உள்ளன. விடுமுறை நாளில் அங்குச் செல்லுங்கள். ஊர்ப் பெரியோரிடம் ஐதர் படையைப் பற்றி வழிவழியாக வழங்கும் செய்திகளைத் தமிழிலும் தெலுங்கிலும் உருதுவிலும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். புகழ்ந்து சொல்வதையும் எழுதுங்கள், பழித்துச் சொல்வதையும் எழுதுங்கள். பெரியோர்களும் தம் நினைவில் உள்ளவற்றை இளையோர்க்குச் சொல்லிவைக்க முன்வருதல் வேண்டும். இன்று கேட்டு எழுதத் தவறின், 'ஐதர் காலம்' என்பது வெறும் பழமைக்கு ஒரு பெயராய் மட்டுமே எஞ்சும். செருத் தணிந்த இந்நிலத்தில் நம் முன்னோர் பட்டதும் கற்றதும் நமக்கு எட்டாமற் போகும்.